எலுமிச்சைக் கன்றுக்கு ஈடிடிஎச்ஏ இரும்பு: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

இரும்பைக் கரையும் நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் இரும்பு ஈடிடிஎச்ஏ உரக் குருணையின் விலை குறைந்திருப்பதாகக் கேள்விப்பட்ட மேலூர் நண்பர் ஒருவர், தம் எலுமிச்சைக் கன்றுகளுக்கு அதை வாங்கலாமா என்று கேட்டார். கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் நிற்கும் எங்கள் கன்றுகளுக்கு இதைத் தொடர்ந்து இட்டுவருவதால், பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கன்றில் மஞ்சள் பாய்ந்ததும் யூரியாவை எடுத்துக் கொடுப்பதுதான் கடை வழக்கம். அடியிலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறினால் அது தழைச்சத்துக் குறைவு, யூரியா பொருந்தும். அதே அடியிலைகளில் ஓரம் மஞ்சளாகிக் காம்பை ஒட்டி ஆப்பு வடிவில் பச்சை நின்றால் மக்னீசியக் குறைவு. எங்கள் கன்றுகளிலோ முதிர்ந்த இலைகள் கரும்பச்சையாகவே இருக்க, கொழுந்துகள் மட்டும் வெளிறின. ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தால், மஞ்சள் பரப்பில் மெல்லிய கிளை நரம்பு வரை பச்சையாகத் தெரிந்தது. இது இரும்புக் குறைவின் அடையாளம். வேரடியில் நீர் தேங்கினாலும் இதே தோற்றம் வரும் என்பதால், உரத்துக்குச் செலவழிக்கும் முன் பாத்தியைக் கிளறிப் பார்ப்பது அவசியம்.

மண்ணில் இரும்பே இல்லை என்பதல்ல காரணம். குழி தோண்டியபோது வெளிவந்த வெள்ளைச் சுக்கான் கட்டிகளின் மேல் வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்குகிறது. இப்படிச் சுண்ணாம்பு மிகுந்து, கார அமில நிலை (pH) 8-ஐத் தாண்டிய மண்ணில் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடுவதால் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. பைகார்பனேட் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் பாய்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்டை) அங்கே மண்ணில் இட்டால் அதுவும் துருவாகிக் கிடக்கும். இதே போல இரும்பைப் பிடித்து வைக்கும் மற்றொரு உரமான ஈடிடிஏ வகை, கார அமில நிலை 6.5-க்கு மேல் போனால் இரும்பைக் கைவிட்டுச் சுண்ணாம்பைப் பற்றிக்கொள்ளும். ஈடிடிஎச்ஏ 9 வரையிலும் இரும்பை விடாது.

பயன்பாட்டில் அதைக் கண்ணாரக் கண்டேன். கன்றுக்கு 20 கிராம் வீதம் நீரில் கரைத்தால் வாளி முழுவதும் செக்கச் சிவக்கும். வெயில் பட்டால் சிதையக்கூடியது என்பதால் மாலையில் தூரைச் சுற்றி ஊற்றி, மேலே மண் தள்ளி மூடிவிடுவேன். அடுத்து வந்த தளிர்கள் பச்சையாகவே விரிந்தன. முன்பே வெளிறிய இலைகள் அந்த அளவுக்குத் தேறவில்லை. பலன் தெரிவது புதுத் தளிரில்தான்.

எனக்குத் தீராத கோபம் டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதில் இருக்கிறது. மொத்த இரும்பு 6 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதில் இரும்பை இறுகப் பற்றியிருக்கும் ஆர்த்தோ-ஆர்த்தோ என்ற ஈடிடிஎச்ஏ வடிவம் எவ்வளவு என்பதைச் சொல்வதே இல்லை. சுண்ணாம்பு மண்ணில் நிலைத்து நிற்பது முதன்மையாக அந்த வடிவம்தான் என்பதால், விவசாயி காசு கொடுத்து வாங்குவதும் அதைத்தான். அந்த எண்ணை மறைத்துவிட்டு டப்பாவில் பசுமையான தோப்பின் படத்தைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்கிறார். விலை குறைந்ததற்கு அந்த அளவு குறைந்ததுதான் காரணமா என்பதை வாங்குபவர் எப்படித் தெரிந்துகொள்வது?

மேலூர் நண்பரின் செம்மண்ணில் வினிகர் விட்டும் நுரைக்கவில்லை. எனவே லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு கொழுந்தில் தெளித்துப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். கரிசல்காரர்களுக்கு ஈடிடிஎச்ஏவைவிட நல்ல இரும்பு உரம் எனக்குத் தெரியாது. ஆயினும், ஆர்த்தோ-ஆர்த்தோ அளவை அச்சிடாத இந்த டப்பாவை இனி நான் வாங்கப்போவதில்லை. அதை அச்சிட்டு விற்கும் ஒன்று கிடைக்கும்வரை, புதிதாக நடும் குழிகளில் எலுமிச்சைக்குப் பதிலாகக் கார மண்ணைத் தாங்கும் நெல்லியை வைக்கிறேன்.