மால்டாவில் கையில் ஒரு நாள்: கோசோவா, கொமினோவா?

கோசோ, கொமினோ இரண்டும் மால்டாவை ஒட்டிய தீவுகள். பிள்ளைகளைக் கேட்டால் கொமினோதான். அங்குள்ள புளூ லகூன் கடற்குளத்தின் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. வெள்ளை மணல்மேல் நீலப் பளிங்காய்த் தண்ணீர். ஆனால் தீவே மொத்தம் சுமார் 3.5 சதுர கிலோமீட்டர். மரநிழல் அரிது. ஆகஸ்டில் துண்டு விரிக்கவும் இடம் தேட வேண்டும். தாத்தா பாட்டியை அந்த வெயிலில் உட்கார வைப்பது பாவம்.

கோசோவுக்கு மால்டாவின் சிர்கேவ்வா துறைமுகத்திலிருந்து ஃபெரியில் 25 நிமிடம்தான். டிக்கெட் வாங்குவது திரும்பும்போது மட்டும்! பிரமிடுகளுக்கும் மூத்த ஜிகாந்தியா கற்கோயில்கள் இங்கேதான், ஏறத்தாழ பொ.மு. 3600-ல் தொடங்கிய கட்டுமானம், இரும்புக் கருவியே இல்லாத காலம். விக்டோரியா கோட்டை மதிலில் நின்றால் தீவைச் சுற்றிலும் பார்க்கலாம். குளிக்க வேண்டுமா, செம்மணல் ரம்லா கடற்கரை இருக்கிறது. பழைய படங்களில் வரும் 'அஷூர் விண்டோ' பாறை வளைவை மட்டும் தேடாதீர்கள். 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது.

என் ஓட்டு கோசோவுக்கே. நீந்தத் தெரிந்த பெரிய பிள்ளைகள் மட்டும் என்றால், கொமினோவுக்குக் காலை முதல் படகைப் பிடியுங்கள். கூட்டம் சேருமுன் குளித்துவிடலாம்.