ஃபேமிலிசர்ச்: மரத்தை விடுங்கள், பத்திரத்தைத் தேடுங்கள்

விளைநிலம் தேடி இடம்பெயர்ந்துகொண்டே இருந்த காலனிய அமெரிக்கக் குடும்பங்களின் வரலாற்றைத் துலக்க, கட்டணமே இல்லாத ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆவணத் தளத்துக்கு இணையான கருவி இன்று வேறில்லை. ஆனால் அதில் எல்லோரும் முதலில் திறக்கும் பொதுக் குடும்ப மரம்தான் அதன் பலவீனமான பகுதி. யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். ஒரே கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வாழ்ந்த இரண்டு ஜான்களை ஒருவராக்கிவிடுவது அங்கே சர்வசாதாரணம். அக்காலப் பதிவுகளில் ‘ஜூனியர்’ என்றால் மகன் என்று அர்த்தமில்லை. அதே பெயர் கொண்ட இளையவர், அவ்வளவுதான். மரத்தைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2024-இல் அறிமுகமான முழுவாசகத் தேடல்தான் இந்தத் தளத்தின் உண்மையான பலம். கிரயப் பத்திரம், உயில் ஆகியவற்றின் கையெழுத்தைக் கணினியே படித்து, ஒவ்வொரு சொல்லையும் தேடத் தருகிறது. பழைய அட்டவணைகளில் விற்றவர், வாங்கியவர் பெயர்கள் மட்டுமே இருந்தன. இப்போது சாட்சி, எல்லையில் குறிப்பிடப்பட்ட அண்டை நிலத்துக்காரர், சங்கிலி பிடித்து அளந்தவர் எல்லோரும் அகப்படுகிறார்கள். சம்பந்திகளும் அண்டை வீட்டாரும் சேர்ந்தே புறப்பட்ட காலம் அது; ஆகவே அடுத்த ஊரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான்.

ஆபிரகாம் லிங்கனின் முன்னோரை எடுத்துக்கொள்வோம். 1637-இல் மாசசூசெட்ஸில் இறங்கிய குடும்பம் நியூ ஜெர்ஸி, பென்சில்வேனியா வழியாக 1768-இல் வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கை அடைந்தது. அவர்கள் குடியேறிய இடம் இன்று ராக்கிங்ஹாம் கவுன்ட்டி. அது அகஸ்டா கவுன்ட்டியிலிருந்து பிரிந்ததோ 1778-இல். அதற்கு முந்தைய பத்திரங்களை அகஸ்டாவில்தான் தேட வேண்டும். ராக்கிங்ஹாம் ஆவணங்களில் பல 1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தீக்கிரையாயின. அங்கே இடைவெளி இருந்தால், குடும்பம் வெளியேறிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

தேடும்போது குடும்பப்பெயருக்கு முன் கூட்டல் குறி இடுங்கள். நில எல்லையாகக் குறிக்கப்பட்ட ஓடையின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். எழுத்துக்கூட்டல் நிலையாக இருக்காது: அந்தக் குடும்பம் பின்னர் சென்ற கென்டக்கியின் நில ஆவணங்களில் லிங்கன் என்ற பெயர் ‘லிங்க்ஹார்ன்’ ஆகியிருக்கிறது. ‘எஃப்’ போலவே தோன்றும் பழங்கால நீண்ட ‘எஸ்’ எழுத்தைக் கணினி ‘எஃப்’ என்று படித்துவிடும். ஐயமான எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி இட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

பத்திரம் கிடைத்ததும் எல்லைகளை வரைந்து பாருங்கள். ‘போல்’ (pole) என்பது பழைய நீள அளவு: ஒரு ‘போல்’ 16.5 அடி, 160 சதுர ‘போல்’ ஒரு ஏக்கர். எல்லை பெரும்பாலும் ஒரு மரத்தில் தொடங்கும்; கோடுகள் அந்த மரத்திடமே வந்து சேரவில்லையென்றால், கணினி ஒரு வரியை விட்டிருக்கலாம். அல்லது பதிவேட்டில் நகலெடுத்தவரே விட்டிருக்கலாம். மூலப்படத்தைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது என்பதால் ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஓராண்டு பிசகும். கென்டக்கியில் நிலம் பெற வாரண்ட் (நிலம் கோரும் உரிமைச் சீட்டு), பதிவு (வேண்டிய இடத்தைக் குறிப்பது), அளவை, பட்டா என நான்கு படிகள். இவற்றுக்கிடையே பல ஆண்டுகள் ஓடியிருக்கும். பட்டாத் தேதியைக் குடியேறிய தேதியாகக் கொள்வதுதான் நாம் அதிகம் காணும் பிழை.

பெருங்குறை ஒன்று உண்டு. சில படங்களை வீட்டிலிருந்து திறக்க முடியாது; ஃபேமிலிசர்ச் மையத்துக்கோ அதனுடன் இணைந்த நூலகத்துக்கோ போக வேண்டும். பூட்டுக் குறியுள்ள படங்களின் தொகுதி எண்ணையும் பட எண்ணையும் முன்பே குறித்துக்கொண்டு போனால் ஒரே நாளில் முடிக்கலாம்.

ஓஹாயோ ஆற்றைத் தாண்டினால் இன்னொரு தளமும் வேண்டும். ஆபிரகாமின் தந்தை தாமஸ் லிங்கன் 1816-இல் போன இண்டியானாவில் நிலத்தை விற்றது மத்திய அரசு. அந்தப் பட்டாக்கள் அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓடையும் மரமும் அங்கே எல்லையல்ல. ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப் என்ற கட்டத்துக்குள், 640 ஏக்கர் துண்டான செக்‌ஷன் எண்ணைக் கொண்டு தேட வேண்டும்.