ஆர் மென்பொருளின் ‘கார்’ பொதி: கலங்கள் சமமில்லாத தரவுக்கு நம்பலாமா?

கொழும்பில் ஆய்வேட்டுக்குத் தரவு சேர்ப்பவர்களுக்குக் கலங்கள் (காரணிகளின் ஒவ்வொரு சேர்க்கையிலும் வரும் ஆட்களின் தொகுதிகள்) சமமாக அமைவது அபூர்வம். ஒரு பாடசாலையிலிருந்து வினாக்கொத்து முழுதாகத் திரும்பி வரும், இன்னொன்றிலிருந்து பாதிதான். அதை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் சாதாரண அனோவாவில் (குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டால், காரணிகளை எழுதிய வரிசையே விடையைத் தீர்மானிக்கும். இதற்கு மாற்று, ஜோன் பொக்ஸும் சான்போர்ட் வைஸ்பேர்க்கும் எழுதிய ‘கார்’ பொதி (ஆரில் கூடுதலாக நிறுவும் நிரல்தொகுப்பு). இலவசம். ஆனால் தனியாக வராது, எல்.எம்.இ.4 போன்ற பல பொதிகளையும் இழுத்துக்கொண்டுதான் இறங்கும். போன் டேட்டாவில் நிறுவுபவர்கள் கவனம்.

கற்பனைக் கணக்கொன்று பாருங்கள். வெள்ளவத்தையில் ரியூசன் போவோர் 30, போகாதோர் 10. கொட்டாஞ்சேனையில் போவோர் 10, போகாதோர் 30. இரண்டு இடத்திலும் போவோரின் சராசரிப் புள்ளி 70, போகாதோருடையது 50. இடத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் இடத்தை முதலில் எழுதினால், ஆர் தரும் வகை 1 அட்டவணை (காரணிகளை எழுதிய வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கணக்கிடுவது) இடத்துக்கு 2000, ரியூசனுக்கு 6000 என்று வர்க்கக் கூட்டுத்தொகையைப் பிரிக்கும். வரிசையை மாற்றினால் ரியூசனுக்கு 8000, இடத்துக்கு 0. ‘கார்’ தரும் வகை 2இல் (ஒவ்வொரு காரணியையும் மற்றதன் பங்கைக் கழித்த பிறகு கணக்கிடுவது) எப்படி எழுதினாலும் இடத்துக்கு 0, ரியூசனுக்கு 6000. இரண்டையும் கூட்டினால் 8000 வராதே என்று பதற வேண்டாம். இரு காரணிகளும் பங்குபோடும் பகுதி எவர் கணக்கிலும் சேர்வதில்லை.

‘கார்’ பொதியின் ‘Anova’ கட்டளையில் முதலெழுத்து பெரிய ‘ஏ’. சின்ன ‘ஏ’ போட்டால் பிழைச்செய்தி வராது, பழைய வகை 1தான் வரும்.

சிக்கல் வகை 3இல் (ஒவ்வொரு விளைவையும் மற்ற எல்லா விளைவுகளையும் கழித்த பிறகு சோதிப்பது). எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் இயல்பாகத் தருவது அதுதான் என்பதால், மேற்பார்வையாளரின் அட்டவணையோடு பொருந்தட்டும் என்று பலர் 3 என்று மாற்றிவிடுகிறார்கள். ஆர் இயல்பாகப் பயன்படுத்தும் ட்ரீட்மென்ட் கொன்ட்ராஸ்டில் (மட்டங்களை ஓர் அடிப்படை மட்டத்தோடு ஒப்பிடும் குறியீட்டு முறை), இடைத்தாக்கம் (ஒரு காரணியின் விளைவு மற்றதன் மட்டத்தைப் பொறுத்து மாறுவது) உள்ள மாதிரியுருவுக்கு அப்படிச் செய்தால் முதன்மை விளைவின் சோதனை பிழைக்கும். எல்லா மட்டங்களின் சராசரியையும் சோதிக்காமல், மற்றக் காரணியின் அடிப்படை மட்டத்தில் உள்ள வித்தியாசத்தை மட்டும் சோதிக்கும். பொதியின் உதவிப் பக்கம் இதைச் சொல்கிறது; ஓடும்போது எச்சரிக்கை வராது. என் பார்வையில் இதுதான் பெரிய குறை. மாதிரியுருவைப் பொருத்துவதற்கு முன்பே கொன்ட்ராஸ்டை ‘சம்’ (sum) வகைக்கு, அதாவது மட்டங்களைச் சராசரியோடு ஒப்பிடும் முறைக்கு, மாற்றுங்கள். பொருத்திய பிறகு மாற்றிப் பயனில்லை. தொடர்மாறி (வயது போன்ற எண் அளவு) இருந்தால் அதன் சராசரியைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

பிழையைக் கண்டுபிடிக்க இடைத்தாக்க வரியைப் பார்த்துப் பயனில்லை, மூன்று வகையிலும் அது ஒன்றே. ஒரு காரணியின் அடிப்படை மட்டத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். மற்றக் காரணியின் எஃப் பெறுமானம் மாறினால் கொன்ட்ராஸ்ட் தவறு.

ஒரு கலம் முற்றிலும் வெறுமையாக இருந்தால் வகை 3 பிழைச்செய்தியோடு நின்றுவிடும். நல்லதுதான். சாஸ் மென்பொருளில் அதற்கென வகை 4 உண்டு, ஆனால் அது சோதிக்கும் கருதுகோள் எந்தக் கலம் வெறுமை என்பதைப் பொறுத்து மாறும். மட்டங்களை இணைப்பதே மேல்.

இடைத்தாக்கம் இல்லை என்று நம்ப இடமிருந்தால் வகை 2ஐ விட்டு நகரத் தேவையில்லை, சோதனையின் வலுவும் கூடுதல். இடைத்தாக்கம் தெளிவாக இருந்தால் எந்த வகை என்று அடிபடாமல், ஒவ்வொரு மட்டத்திலும் தனித்தனி விளைவைப் பாருங்கள். அதற்கு ‘ஈ.எம்.மீன்ஸ்’ பொதி வேண்டும். ‘கார்’ பொதிக்கு 5க்கு 4.