280 ரூபாய் பிரீடிங் பாக்ஸும் வீட்டில் செய்த பெட்டியும்

சென்னையில் வண்ண மீன் வளர்ப்பில் இறங்கிய எவரும் ஒருமுறையேனும் கொளத்தூருக்குப் போய்வராமல் இருப்பதில்லை. மீன், தொட்டி, தீவனம், மருந்து என எல்லாவற்றுக்கும் கடைகள் நெருங்கி நிற்கும் அந்தப் பகுதியில், சென்ற ஆண்டு 280 ரூபாய் கொடுத்து ஒரு பிரீடிங் பாக்ஸ் வாங்கினேன். கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களைப் பிரசவ நேரத்தில் தனியே விடுவதற்காகப் பெரிய தொட்டிக்குள்ளேயே வைக்கும், கண்ணாடியைப் போலத் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி அது. எட்டு மாதம் அதைப் பயன்படுத்திய பிறகு, அதே வேலைக்காக நானே செய்துகொண்ட சாமான்களோடு ஒப்பிட்டு இதை எழுதுகிறேன்.

பெட்டியின் நடுவே 'வி' வடிவில் சரிந்து இறங்கும் தடுப்பும், அதன் அடியில் ஒரு மெல்லிய பிளவும் இருக்கின்றன. தாய் மீன் மேலே நிற்கும். பிறக்கும் குட்டிகள் பிளவு வழியாகக் கீழே நழுவித் தப்பிக்கும். கப்பி தன் குட்டியையே இரையாக எண்ணி விழுங்கக்கூடியது என்பதால் இந்த ஏற்பாடு தேவையானதுதான். அந்த ஒரு வேலையைப் பெட்டி பிழையின்றிச் செய்கிறது. பிறந்த குட்டிகளை அதிலேயே வளர்க்க நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சுவர்களில் உள்ள சில மெல்லிய கீறல்களைத் தவிர நீர் வந்து போக வழியில்லை. உள்ளே ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியான நீர்தான் நிற்கிறது. தின்னாத தீவனமும் கழிவும் அதில் தேங்கி அம்மோனியாவாக மாறும்போது, பெரிய தொட்டியின் நீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெட்டிக்குள் இருக்கும் குட்டிகளுக்கு அதனால் பயனில்லை. முதல் ஈற்றில் 22 குட்டிகளை எண்ணினேன். நான்காம் நாள் ஒன்பதுதான் எஞ்சியிருந்தன. இன்னொரு குறை, இடநெருக்கடி. கப்பியின் சினைக்காலம் ஏறக்குறைய நான்கு வாரம். நாளைத் துல்லியமாகக் கணிக்க முடியாத நம்மைப் போன்றோர் முன்கூட்டியே தாயைப் பெட்டியில் விட்டுவிட, அது இரண்டு மூன்று நாள் திரும்பக்கூட இடமின்றிச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, சமையலறையில் பருப்பு போட்டு வைக்கும் நான்கு லிட்டர் சதுர டப்பா ஒன்றை எடுத்து, எதிரெதிர்ச் சுவர்களில் கையகல ஜன்னல்களை வெட்டி, அவற்றில் வலை ஒட்டினேன். இங்கே இரண்டு எச்சரிக்கைகளை விரிவாகச் சொல்ல வேண்டும். கையில் கிடைத்த கொசுவலையைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். பூச்சிமருந்து ஏற்றிய வலைகளும் கடைகளில் உண்டு. அவற்றில் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்குப் பெரிய தீங்கு செய்யாவிட்டாலும் மீனுக்குக் கொடிய நஞ்சு. ஆதலால் மருந்தேற்றாத வெறும் நைலான் வலைதான் வேண்டும். வலையின் கண் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் கப்பிக் குட்டி வெளியேறாது. பசையிலும் இதே கவனம் தேவை. குளியலறைக்கென்று விற்கும், பூஞ்சை பிடிக்காத சிலிகான் கூடாது, ஏனெனில் பூஞ்சையைக் கொல்லும் அந்தப் பொருள் நீரில் கசிந்து மீனையும் தாக்கும். மீன் தொட்டி ஒட்டுவதற்கான, காயும்போது வினிகர் வாடை வீசும் சிலிகானை வாங்கி, 48 மணி நேரம் காயவிட்டுப் பிறகு கழுவிப் பயன்படுத்தினேன். சூட்டில் உருக்கி ஒட்டும் பசைக்குச்சியை முதலில் முயன்று பார்த்ததில், மூன்றாம் வாரம் வலை ஒரு மூலையில் பெயர்ந்து வந்தது.

நீரோட்டத்துக்கு அரை அங்குல பிவிசி குழாயும், அதை வளைத்து இணைக்கும் ஓர் எல்போவும் போதும். குழாயைப் பெட்டியின் வெளிப்புறத்தில் நிறுத்தி, அதன் அடிப்பக்கத்தில் ஏர் பம்பிலிருந்து காற்று வரும் ஏர் டியூபைச் செருகிவிட்டால், குமிழி கலந்த நீர் எடை குறைந்து குழாய்க்குள் மேலெழுந்து எல்போ வழியாகப் பெட்டிக்குள் கொட்டுகிறது. அதே அளவு நீர் வலை வழியாக மெதுவாக வெளியேறுகிறது. ஜன்னல் அகலமாக இருப்பதால் குட்டிகள் வலையில் ஒட்டிக்கொள்வதில்லை. குழாயின் அடிவாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் சுற்றியதும் அதுவே சிறு ஃபில்டராகவும் ஆயிற்று. நான் வாங்கியவற்றின் மொத்தச் செலவு, டப்பாவைச் சேர்க்காமல், 190 ரூபாய்; அதிலும் பெரும்பங்கு சிலிகானுக்குப் போனது. அடுத்த ஈற்றில் 26 குட்டிகளில் 23 ஒரு மாதம் தாண்டின. அழகைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், கூடத்துத் தொட்டியில் அது தொங்குவதைப் பார்த்த என் அம்மா, "பருப்பு டப்பாவை எதுக்குடா தண்ணியில முக்கி வெச்சிருக்க?" என்று இன்னமும் கேட்கிறார்.

குட்டிகளுக்கு உணவாகும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் முட்டைகளைப் பொரிக்க, கடையில் தனிக்கருவி விற்கிறார்கள். அதை வாங்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் முடிவு. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தினால், நமக்கு வேண்டிய கூம்பு வடிவம் தானாகவே அமைந்துவிடுகிறது. மூடியில் துளையிட்டு ஏர் டியூபை ஒட்டி, லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு கரைத்து, அரைத் தேக்கரண்டி முட்டையைப் போட்டுக் காற்றைத் திறந்துவிட்டால், முட்டைகள் அடியில் படியாமல் சுழன்றுகொண்டே இருக்கும். 28 டிகிரி வெப்பம் சென்னையில் கேட்காமலே கிடைப்பதால் ஹீட்டர் வேண்டியதில்லை. 24 மணி நேரத்தில் நீர் செம்மஞ்சளாகிவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே வெளிச்சம் படும் பக்கம் திரளும். டியூபைத் தாழ்த்தி அவற்றை மட்டும் மெல்லிய துணியில் பிடித்து, நன்னீரில் அலசிக் கொடுக்கலாம். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பதே நல்லது. தாமதித்தால் உடம்பிலிருக்கும் கருவுணவு கரைந்து சத்து குறைந்துவிடும். முட்டையில் மட்டும் சிக்கனம் கூடாது. ஒரு கடையில் பிரித்த டப்பாவிலிருந்து சிறு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்ததை வாங்கினேன். ஈரம் ஏறியிருந்த அதில் பாதிகூடப் பொரியவில்லை.

இந்த இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆர்ட்டீமியாக் குஞ்சின் நீளம் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாததால், என் வலை ஜன்னல் வழியாக அது வெளியேறிப் பெரிய மீன்களுக்கு விருந்தாகிறது. தீவனம் போடும்போது கால் மணி நேரம் காற்றை நிறுத்திவைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இந்த ஒன்றில் கடைப் பெட்டி தேவலை.

முட்டையிடும் மீன்களுக்கு இதைவிட எளிதாகவே வேலை முடிந்துவிடுகிறது. தங்கமீனுக்கு அக்ரிலிக் நூலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நூறு சுற்றுச் சுற்றி, ஒரு முனையைக் கட்டி, மறு முனையை வெட்டினால் முட்டை ஒட்டும் குஞ்சம் தயார். சாயம் போகும்வரை கொதிக்கவைப்பது மட்டும் கட்டாயம். பருத்தி நூல் வேண்டாம், அது தண்ணீரில் அழுகிவிடும். ஏஞ்சல் மீனுக்குச் சாய்த்து வைத்த ஒரு துண்டு பிவிசி குழாயே போதும்.

ஏர் பம்பை மட்டும் எவ்வளவு விலையானாலும் நல்லதாக வாங்கிவிடுங்கள். கூடவே, நீர் டியூபில் பின்னோக்கி வராமல் தடுக்கும், சில ரூபாய்க்குக் கிடைக்கும் நான்-ரிட்டர்ன் வால்வையும் வாங்குங்கள். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே, ஸ்டாண்டின் அடித்தட்டில் வைத்திருந்தேன், வால்வு போடவில்லை. ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் டியூப் வழியாகப் பின்னோக்கி இறங்கி, காலையில் பம்பும் போயிற்று, கூடத்துத் தரையும் நனைந்திருந்தது. இப்போது பம்ப் தொட்டிக்கு மேலுள்ள பலகையில் இருக்கிறது.

கடையில் வாங்கிய பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. பிரசவம் தொடங்கிவிட்ட தாயை ஓர் இரவு மட்டும் விட்டுவைக்கவும், துடுப்பு கிழிந்து துரத்தப்படும் மீனைச் சில மணி நேரம் ஒதுக்கி வைத்துப் பார்க்கவும் அது நன்றாகவே உதவுகிறது. அந்த அளவுக்கு மட்டும் தேவைப்படுவோர் தாராளமாக வாங்கலாம். குட்டிகளை அதிலேயே வளர்க்க நினைப்போர் 280 ரூபாயைச் சிலிகானுக்கும் நல்ல முட்டைக்கும் வைத்துக்கொள்ளலாம்.