நாலு பேர் ஆபீசுக்கு கம்ப்யூட்டர் வாங்கி மூணு வருஷம் தாண்டிருச்சு, என் அனுபவம்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துல சின்னதா ஒரு ஆபீஸ் வெச்சிருக்கேன்ங்க, ஜிஎஸ்டி, இன்கம் டாக்ஸ், மண்டிக்காரங்களுக்கு கணக்கு எழுதறதுன்னு வேலை, என்னையும் சேத்து நாலு பேரு. 2022 ஜூன்ல சிஸ்டம் மாத்தினோம். அதுக்கு முன்னாடி இருந்தது எல்லாம் ஐ3 நாலாவது ஜெனரேஷன் பிராசசர், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்), எக்செல், ஜிஎஸ்டி போர்ட்டல் மூணும் ஒண்ணா திறந்தா அப்படியே நின்னுரும், மாசம் 20ஆம் தேதி 3பிங்கற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடற அன்னிக்கு பார்ட்டி எதிர்ல உக்காந்திருப்பாரு, நாங்க ஸ்கிரீனயே பாத்துட்டு இருப்போம், அது ரொம்ப சங்கடம்ங்க.

எல்லாரும் சொன்னது கம்ப்யூட்டர் கடைங்க நிறைய இருக்கற பெங்களூர் எஸ்பி ரோடு போ, 90 கிலோமீட்டர்தானே, விலை கம்மின்னு. போய் பாத்தேன், கம்மிதான். ஆனா பில்லு விஷயத்துல கவனமா இருக்கணும். கவுண்டர்ல சும்மா வாங்கினா கர்நாடகா சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி 9+9 போட்டு குடுத்துருவாங்க, அந்த கிரெடிட்ட, அதாவது வாங்கறப்ப குடுத்த வரிய நாம கட்டற வரில கழிச்சுக்கறத, நம்ம தமிழ்நாட்டு நம்பர்ல எடுக்கவே முடியாது. நம்ம ஜிஎஸ்டி நம்பர் குடுத்து 18 சதவீதம் ஐஜிஎஸ்டியா (வெளி மாநில விற்பனைக்கான வரி) போடச் சொல்லி வாங்கினாத்தான் போர்ட்டல்ல 2பிங்கற கிரெடிட் லிஸ்ட்ல வந்து கிரெடிட் கிடைக்கும். இதை கவனிக்காம வாங்கிட்டு வந்த பார்ட்டிங்க என்கிட்டயே ரெண்டு மூணு பேர் இருக்காங்க. அந்த 18 போயிட்டா கம்மி விலைக்கு வாங்கினதுல என்ன மிச்சம்? அதுவும் போக ஒரு பார்ட்ஸ் போனா அதை தூக்கிட்டு யாரு மறுபடி பெங்களூர் போறது. அதனால நம்ம ஊர் கடையிலயே மூணு அசெம்பிள் பண்ணினேன், ஒண்ணு மட்டும் ரெடிமேடா வர்ற பிராண்ட் கம்பெனி சிஸ்டம்.

அசெம்பிள் பண்ணதுல ஐ3 12100, 8 ஜிபி, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. ஐ5 வேணாமான்னு கடைக்காரர் கேட்டாரு, டேலிக்கும் பிரவுசருக்கும் இதுவே தாராளம்னு சொல்லிட்டேன், இன்னிக்கு வரைக்கும் பிராசசர் பத்தலன்னு ஒருநாளும் தோணல. ரேம்தான் பத்தல, ஒரே நேரத்துல பத்து பார்ட்டி டேப் திறந்து வெச்சா இழுக்குது. அன்னிக்கே 16 போட்டிருக்கணும். பழைய சிஸ்டம் ஒண்ணுல சுமார் ரெண்டாயிரத்துக்கு எஸ்எஸ்டி மட்டும் மாத்தினோம், அஞ்சு நிமிஷம் ஆனது அரை நிமிஷத்துல ஆன் ஆச்சு. ஆனா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ முறையா ஏறாது, அதனால அதை ஸ்கேனருக்கு மட்டும் நெட் இல்லாம வெச்சிருக்கோம். இப்ப செகண்ட்ஸ்ல ஆறாவது, ஏழாவது ஜெனரேஷன் சிஸ்டம் நிறைய வருது, பளபளன்னு இருக்கும், விலையும் கம்மி. தயவுசெஞ்சு ஜெனரேஷன் பாக்காம வாங்கிராதீங்க.

கம்பெனி சிஸ்டம் நல்லா ஓடிச்சு, ஒரு வருஷ வாரண்டி முடிஞ்சு நாலு மாசத்துல எஸ்எம்பிஎஸ், அதான் உள்ள கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி, போச்சு. அது அவங்களுக்குன்னே தனி சைஸ், கனெக்டரும் வேற, நம்ம ஊர்ல எந்தக் கடையிலயும் கிடைக்கல, வர்றதுக்கு 12 நாள் ஆச்சு. அசெம்பிள் சிஸ்டத்துல ஒண்ணுக்கு அதே மாதிரி போனப்ப சர்வீஸ் பையன் வந்து அரை மணி நேரத்துல வேற மாட்டிட்டு போயிட்டான். கம்பெனி ஆளே ஆபீசுக்கு வந்து சரி பண்ற ஆன்சைட் வாரண்டி மூணு வருஷம் இருக்கற மாடலா பாத்து வாங்கிருந்தா இந்தக் கஷ்டம் இல்ல.

எல்லாத்தவிட நான் முக்கியமா சொல்ல நெனச்சது கரண்ட் பத்தி. புது சிஸ்டம் வந்த முதல் வாரத்துலயே கேபினட்ட தொட்டா சுர்ருன்னு அடிக்குதுண்ணான்னு ஆபீஸ் பொண்ணு சொல்லுச்சு. நான் சிஸ்டம்தான் கோளாறுன்னு கடைக்காரரோட சண்டைக்கே போயிட்டேன், தப்பு என் மேலதான். எலக்ட்ரீஷியன் வந்து பாத்தா பில்டிங்லயே எர்த் இல்ல, பிளக் பாயிண்ட் மட்டும் மூணு ஓட்டையா இருக்கு, உள்ள ஒயரே வரல. எர்த் இல்லாத இடத்துல எஸ்எம்பிஎஸ்ல இருக்கற ஃபில்டர் வழியா பாடிக்கு கொஞ்சம் கரண்ட் வரத்தான் செய்யுமாம். குழி தோண்டி கரி, உப்பு போட்டு புதுசா எர்த் எடுத்தோம், அதோட நின்னுச்சு. வெயில் காலத்துல அந்தக் குழிக்கு தண்ணி ஊத்தறத மறக்கறதில்ல.

யூபிஎஸ் ஆளுக்கு ஒரு 600 விஏ. ஒருநாள் லேசர் பிரிண்டர் பிளக்கையும் யாரோ யூபிஎஸ்ல சொருகிட்டாங்க, பிரிண்ட் குடுத்ததும் சூடாக ஒரேயடியா கரண்ட் இழுத்து யூபிஎஸ் ஆஃப், டேலி டேட்டா எரர். முந்தின நாள் சாயங்கால பேக்கப் இருந்ததால ஒரு நாள் என்ட்ரிதான் போச்சு, ரெண்டு பேர் ராத்திரி 9 மணி வரைக்கும் உக்காந்து திரும்பப் போட்டாங்க. இப்ப தினமும் சாயங்காலம் பேக்கப் எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்க நான் வீட்டுக்கு எடுத்துட்டு போயிடறேன்.

வாங்கற நேரமும் பாருங்க, கம்ப்யூட்டருக்கு தேய்மானம் 40 சதவீதம், ஆனா அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் கீழதான் பயன்படுத்தினீங்கன்னா பாதிதான் கிடைக்கும், ஜூன்ல வாங்கினதால எங்களுக்கு முழுசா கிடைச்சுது. ஜிஎஸ்டில கிரெடிட் எடுத்த தொகைய தேய்மானத்துல சேக்கக் கூடாது.

மூணும் இன்னும் நல்லா ஓடுது. ஹைவே தூசிக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா புளோவர் அடிக்கறோம், யூபிஎஸ் பேட்டரி 12 வோல்ட் 7 ஏஎச் எல்லாமே ரெண்டு வருஷத்துல மாத்தியாச்சு, மாத்தின தேதிய ஸ்கெட்ச் பேனால அது மேலயே எழுதி வெச்சிருக்கோம்.