குளோட் கண்ணாடி: மலைக்கு முதுகைக் காட்டினால்தான் மலை தெரியும்

உள்ளங்கையில் அடங்கும், லேசாகப் புடைத்த கறுப்புக் கண்ணாடி. மூடி வைத்த பெட்டிக்குள் இருக்கும். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் குளோட் லொரைனின் மங்கிய நிலக்காட்சிகள் போல எதையும் காட்டுவதால் இந்தப் பெயர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியைச் சுற்றப் போனவர்கள் பையில் கொண்டுபோன சாமான்.

காட்சிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பெட்டியின் மேல் விளிம்பைப் பிடித்துத் தொங்கவிட்டு, தோளுக்குச் சற்று வெளியே தள்ளிப் பாருங்கள். முகத்துக்கு நேரே பிடித்தால் உங்கள் தலையே மலையை மறைக்கும். 1778இல் அந்தப் பகுதிக்கு வழிகாட்டி நூல் எழுதிய தாமஸ் வெஸ்ட், 4 அங்குல விட்டம் போதும், வெயிலுக்குக் கறுப்பு, மூட்டத்துக்கு வெள்ளிப்பூச்சு என்றார். கணக்கு சரிதான். கறுப்புக் கண்ணாடி விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்குதான் திருப்பித் தரும். உச்சி வெயிலின் கூச்சம் அடங்கி மேக விளிம்பு துலங்கும். மூட்டமான நாளில் வெறும் இருட்டு. சூரியனை மட்டும் இதிலும் பார்க்கக்கூடாது.

வாங்குமுன் மெழுகுவத்தியைக் காட்டிப் பாருங்கள். ஒரு சுடர் தெரிந்தால் கண்ணாடியின் பின்னால் பூசிய கறுப்பு நன்றாக ஒட்டியிருக்கிறது. இரண்டு தெரிந்தால் பூச்சு உரிந்து காற்றுப் புகுந்திருக்கிறது. மரக்கிளையும் இரட்டையாகத்தான் தெரியும். கடிகாரக் கண்ணாடியின் குழிந்த பக்கத்தில் கறுப்பு வண்ணம் பூசி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அந்தப் பக்கம் பூசினால் கீறல் விழாது. பிம்பம் கண்ணாடிக்குச் சில அங்குலம் பின்னாலேயே நிற்பதால், வெள்ளெழுத்துக்காரர்களுக்குப் படிக்கும் கண்ணாடியும் வேண்டும்.

உறுதியில் குறை சொல்ல முடியாது. 1769இல் கவிஞர் தாமஸ் கிரே இதைத் திறந்து கையில் வைத்தபடி சேற்றுப் பாதையில் மல்லாக்க விழுந்தார். பெயர்ந்தது விரல் முட்டிதான்.

ஓவியம் பழகுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்: பச்சையும் நீலமும் அடங்கி, வெளிச்சமும் நிழலும் பிரிந்து தெரியும். இயற்கையை ரசிக்க என்றால் வேண்டாம். எடின்பரோ தத்துவப் பேராசிரியர் ரொனால்ட் ஹெப்பர்ன் 1966இல் எழுதிய கட்டுரை இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது: இயற்கைக்குப் படச்சட்டம் கிடையாது, பார்க்கிறவர் அதற்குள்ளேயே நிற்கிறார். ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஆலன் கார்ல்சன் 1979இல், நிலத்தைப் படமாகப் பார்க்கும் வழக்கத்தைச் சாடும்போது இந்தக் கண்ணாடியையே எடுத்துக்காட்டினார். ஓடைக்கரையில் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும்: தண்ணீர் கண் முன்னே சத்தமின்றி ஓடும், அதன் இரைச்சல் பிடரிக்குப் பின்னால் கேட்கும்.