மாட்டு மூளை வேண்டாம், குப்பி போதும்: கால்மாடுலினோடு 3 ஆண்டுகள்

முன்பெல்லாம், உயிரணுக்களில் கால்சியத்தைப் பிடிக்கும் புரதமான கால்மாடுலினை மாட்டு மூளையிலிருந்துதான் பெரும்பாலும் எடுப்பார்கள் என்று வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "கையைக் கழுவிட்டு அடுப்பங்கரைக்கு வா" என்றார் அம்மா. நாங்கள் வாங்குவது மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்து வளர்த்தெடுத்த மறுசேர்க்கைப் புரதம் என்று விளக்கி முடிப்பதற்குள் தோசை ஆறிவிட்டது. மனிதனுக்கும் மாட்டுக்கும் இந்தப் புரதத்தின் 148 அமினோ அமிலங்களும் அச்சு அசலாக ஒன்றே என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பினாங்கில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை. மூலிகைச் சாறுகளில் கால்மாடுலினோடு ஒட்டும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதே எங்கள் பிழைப்பு. ஒப்பீட்டுக்கு, கால்மாடுலினோடு ஒட்டும் என்று தெரிந்த டிரைஃப்ளூபெரசின் மருந்தை வைத்துக்கொள்வோம். 3 ஆண்டுகளில் ஒரே விற்பனையாளரிடமிருந்து நான்கு முறை வாங்கியாயிற்று. முதல் முறை தவிர எப்போதும், டேக் (புரதத்தோடு ஒட்டவைக்கும் கூடுதல் வால்) இல்லாத, உறைந்துலர்ந்த தூள்தான்.

தூளாக வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் முறை திரவமாகத்தான் வாங்கினோம். சீனப் புத்தாண்டு விடுமுறையில் பார்சல் மாட்டிக்கொண்டு, கைக்கு வந்தபோது பெட்டிக்குள் உலர்பனி ஒரு துண்டுகூட இல்லை. தூக்கிப் போடலாம் என்றார்கள். எதற்கும் ஒரு ஜெல் (புரதங்களை மின்சாரத்தால் நகர்த்திக் கோடுகளாகப் பிரிக்கும் சோதனை) ஓட்டிப் பார்ப்போமே என்றேன். பழுதில்லை. இந்தப் புரதம் லேசில் வெப்பத்துக்கு அசையாது. சுத்திகரிக்கும்போதே கலவையை நன்றாகச் சூடாக்கி, மற்றப் புரதங்கள் பால் திரிவதுபோலத் திரிந்து அடியில் இறங்க, இதை மேலே தெளிவாக எடுத்துவிடுகிற முறை ஒன்று உண்டு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் இல்லாததால், அது ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கும் டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கும் தொல்லையும் கிடையாது.

பிழைப்பைக் கெடுத்தது கால்சியம்தான். ஒரு மூலக்கூறு நான்கு கால்சியம் அயனிகளைப் பிடிக்கும், அதுவும் மைக்ரோமோலார் அளவிலேயே. கண்ணாடிக் குடுவையிலிருந்தும் மலிவான உப்பிலிருந்தும் கசிகிற கால்சியமே அதற்குப் போதும். கால்சியம் சேர்க்காத குழாயிலும் எங்களுக்கு நல்ல பிணைப்பு தெரிந்தது. இரண்டு வாரம் மகிழ்ச்சியாக இருந்தோம், அப்புறம்தான் குடுவையின் கைவரிசை புரிந்தது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக், ஒவ்வொரு தடவையும் ஈஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) போட்ட ஒரு குழாய் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதன் உறவான ஈடிடிஏ போட்டால் மக்னீசியத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். பாஸ்பேட் பஃபரையும் (அமில-காரச் சமநிலையைக் காக்கும் கரைசல்) ஒதுக்கிவிட்டோம். கால்சியத்தோடு சேர்ந்து அது கலங்கிவிடும். டிரிஸ் பஃபர் போதும்.

அளவெடுப்பதிலும் ஒரு கூத்து நடந்தது. லேபிளில் போட்ட அளவில் பாதிகூட இல்லை என்று விற்பனையாளருக்குக் காரசாரமாக மின்னஞ்சல் அனுப்பினேன். நான் பார்த்தது புரத அளவைக் காட்டும் பிராட்ஃபோர்ட் சாயத்தில். அது காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்களைப் பிடித்து நிறம் காட்டும், கால்மாடுலினோ நல்ல அமிலப் புரதம். 280 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கலாமென்றால், அதை நன்றாக உறிஞ்சும் டிரிப்டோபேன் ஒன்றுகூட இல்லை, இருப்பது இரண்டே டைரோசின். கருவி ஏதோ காட்டும், அவ்வளவுதான். செம்பை வைத்து அளக்கும் பிசிஏ முறை பரவாயில்லை, ஆனால் பஃபரில் ஈஜிடிஏ இருந்தால் அது செம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கணக்கும் போச்சு. கடைசியில் மன்னிப்புக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

அவர்கள் மீது நியாயமான குறை ஒன்று உண்டு. தூளில் என்ன உப்பு, கால்சியம் இருக்கிறதா இல்லையா என்று தாளில் ஒரு வரி போடக்கூடாதா? மூன்றாவது குப்பி முந்தையவை மாதிரி இல்லை. கால்சியம் சேர்க்காமலேயே ஜெல்லில் வேகமாக இறங்கியது. கால்சியம் பிடித்த கால்மாடுலின் எஸ்டிஎஸ் ஜெல்லில் கீழே ஓடும், ஈஜிடிஏ சேர்த்தால் மேலே நிற்கும். புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி இரண்டு கோடுகளையும் பார்த்துவிட்டு, "அக்கா, புரதம் உடைஞ்சிருச்சு" என்று அலறினாள். அவளை மாமாக் கடைக்கு அழைத்துப்போய், தே தாரிக் (இழுத்து ஆற்றிய டீ) வாங்கிக் கொடுத்து விளக்க வேண்டியதாயிற்று. அந்தக் குப்பியை மட்டும் ஈஜிடிஏ போட்டு டயாலிசிஸ் செய்து (மெல்லிய சவ்வு வழியாகக் கால்சியத்தை வெளியேற்றி) பயன்படுத்தினோம். ஒரு நாள் வேலை வீண்.

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (ஜெல்லிலிருந்து புரதத்தைச் சவ்வுக்கு மாற்றி அடையாளம் காணும் சோதனை) இதை எடுப்பவர்கள் கவனிக்கவும்: சின்ன அமிலப் புரதம், சவ்வில் நிற்காமல் கழுவும்போதே போய்விடும். குளுட்டரால்டிஹைடு வைத்து நிலைப்படுத்திய பிறகுதான் எங்களுக்குக் கோடு தெரிந்தது.

குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். பினாங்கின் ஈரக்காற்றுக்குத் தூள் நொடியில் பிசுபிசுத்துவிடும். அரை மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுத் திறந்தால் சரி. கரைத்ததும் 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80இல் வைக்கிறோம். ஒன்றரை ஆண்டு பழைய பங்கும் ஜெல்லில் புதிதைப் போலவே ஓடியது.

ஐந்தாவது குப்பிக்கு ஆர்டர் போட்டாயிற்று. கால்சியம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.